பெட்டியில் 50 ஆயிரம், உள்ளே எவ்வளவு? ஊருக்குப் போகும் முன் 'பவர் பேங்க்' வாங்குவோர் கவனத்துக்கு!

மும்பை சி.எஸ்.எம்.டி. நிலையத்தில் நாகர்கோவில் எக்ஸ்பிரசில் ஏறினால் நெல்லை போய்ச் சேர 2 இரவுகள் ரெயிலில் கழிய வேண்டும்.

தாராவியில் தோல் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் வாலிபர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்பு அந்த வண்டியில் ஏறினார். தாயாருக்கு நெஞ்சு வலி. நெல்லையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று ஊரில் இருந்து தம்பி போன் செய்திருந்தார். டிக்கெட் பதிவு செய்ய நேரம் இல்லை. முன்பதிவு இல்லாத பெட்டியில் ஒரு ஓரத்தில் இடம் கிடைத்தது.

வண்டி ஏறும் முன் நிலையத்துக்கு வெளியே ஒரு நடைபாதை வியாபாரியிடம் பவர் பேங்க் ஒன்று வாங்கினார். பெட்டியின் மேல் 50,000 எம்.ஏ.எச். என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டு இருந்தது. விலை 450 ரூபாய். 'ஊர் போய்ச் சேரும் வரை போனுக்குக் கவலை இல்லை' என்று அவர் நினைத்தார்.

இரவு 11 மணிக்கு மேல் பெட்டியில் இருந்த பிளக்கில் மின்சாரம் நின்றது. செல்போனைப் பவர் பேங்கில் மாட்டி, துணிப்பைக்குள் வைத்து, அந்தப் பையையே தலைக்கு வைத்துப் படுத்தார். அதிகாலையில் காது சுட்டு விழித்துக் கொண்டார். பையைத் திறந்து பார்த்தால் பவர் பேங்க் நடுவில் உப்பி, கையில் பிடிக்க முடியாத சூட்டில் இருந்தது. வயரைப் பிடுங்கினார். போன் பாதிகூட நிறையவில்லை.

மறுநாள் பகலில் ஒரு பிளக்குக்கு 10 பேர் காத்து நின்றார்கள். அன்று மாலையே அவருடைய போன் அணைந்து விட்டது.

அதற்குப் பிறகுதான் ஊரில் தாயாரை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். தம்பி இரவு முழுவதும் போன் செய்து பார்த்தார், கிடைக்கவில்லை. காலையில் நெல்லையில் இறங்கிய வாலிபர் நேராகப் பழைய ஆஸ்பத்திரிக்குப் போனார். 'அந்தப் பெயரில் யாரும் இல்லை' என்று சொல்லி விட்டார்கள். இல்லை என்றால் என்ன அர்த்தம்? அந்த வாசலில் அவர் நின்ற 2 மணி நேரத்தை எதைக் கொண்டு அளப்பது?

தாயார் பிழைத்துக் கொண்டார். ஆனால் 450 ரூபாய் பவர் பேங்கின் உண்மையான விலை அந்த வாலிபருக்குத் தெரிந்து விட்டது.

இரவில் பிளக் வேலை செய்யாது

ரெயிலில் நீண்ட தூரம் போகிறவர்களுக்குப் பவர் பேங்க் இன்று ஆடம்பரப் பொருள் அல்ல. தீ விபத்தைத் தடுப்பதற்காக இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை பெட்டிகளில் உள்ள சார்ஜர் பிளக்குகளின் மின்சாரத்தை நிறுத்துவது என்று 2021-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் ரெயில்வே முடிவு செய்தது. ஊரில் இருந்து அவசரச் செய்தி வருவது பெரும்பாலும் இரவில்தான். அந்த நேரத்தில் கையில் இருக்கும் பேட்டரிதான் துணை.

ஆகவே வாங்கத்தான் வேண்டும். ஆனால் எப்படிப் பார்த்து வாங்குவது?

பெரிய எண்ணின் உள் கணக்கு

எம்.ஏ.எச். என்பது பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைச் சேமிக்கும் என்பதைக் காட்டும் அளவு. ஆனால் பெட்டியின் முகப்பில் உள்ள எண் முழுவதும் செல்போனுக்கு வந்து சேராது. நேர்மையான கம்பெனியின் பொருளிலும் அப்படித்தான்.

காரணம் இது: உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி 3.7 வோல்ட்டில் வேலை செய்கிறது. வெளியே வருவதோ 5 வோல்ட். 10,000 எம்.ஏ.எச். பேட்டரியில் உள்ள மொத்தச் சக்தி 37 வாட்-மணி. இதை 5 வோல்ட்டுக்கு மாற்றினால் 7,400 எம்.ஏ.எச். ஆகிறது. மாற்றும்போது கொஞ்சம் சூடாக வீணாகும். கடைசியில் ஏறத்தாழ 6,000 முதல் 6,500 வரைதான் கிடைக்கும். 5,000 எம்.ஏ.எச். பேட்டரி உள்ள செல்போனை அதைக் கொண்டு ஒன்றரை முறை நிரப்பலாம். 2 முறை நிரம்பவில்லையே என்று கடைக்காரருடன் சண்டைக்குப் போக வேண்டியது இல்லை.

நல்ல கம்பெனிகள் இந்தக் குறைந்த எண்ணையும் மறைக்காமல் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிடுகின்றன. 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று இருக்கும். முகப்பில் உள்ள பெரிய எண்ணை விட்டுவிட்டு, இந்தச் சிறிய எண்ணைத் தேடிப் படியுங்கள். அது இல்லாத பொருளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

தராசு சொன்ன உண்மை

ஊரில் இருந்து திரும்பிய வாலிபர், தாராவி 90 அடி ரோட்டில் செல்போன் பழுது பார்க்கும் கடைக்குப் போனார். கடைக்காரர் நாசரேத் பக்கத்தைச் சேர்ந்த பெரியவர். உப்பிப் போனதை வாலிபர் நெல்லையிலேயே ஒரு கடையில் ஒப்படைத்து விட்டார். ஆனால் அவருடன் கோலியில் தங்கி இருக்கும் நண்பரும் அதே வியாபாரியிடம் அதே மாதிரி ஒன்று வாங்கி இருந்தார். அதைத்தான் கொண்டு போனார்.

"அண்ணாச்சி, 50 ஆயிரம்னு போட்டிருக்கு. ஒரு தடவைகூட போன் நிறைய மாட்டேங்குது."

"எவ்வளவுக்கு வாங்குன, தம்பி?"

"450 ரூவா."

"பில்லு?"

வாலிபர் பேசாமல் நின்றார்.

பெரியவர் அதைச் சிறிய தராசில் வைத்தார். 190 கிராம் காட்டியது. பிறகு மேசையில் இருந்து விரல் நீளமுள்ள உருளை பேட்டரி ஒன்றை எடுத்து வைத்தார். 45 கிராம்.

"இந்த மாதிரி செல்லுல ரொம்ப உசத்தியானது 3,500தான் தாங்கும். 50 ஆயிரம் வேணும்னா 15 செல் வேணும். 15 செல்லு எடை மட்டும் 675 கிராம். உன் கையில இருக்கிறது மொத்தமே 190. மீதி எங்க போச்சு?"

பெரியவர் சொன்ன கணக்கு எல்லோருக்கும் உதவும். இன்று விற்கும் பவர் பேங்குகளில் 10,000 எம்.ஏ.எச். உள்ளது பெரும்பாலும் 180 முதல் 250 கிராம் வரை இருக்கும். 20,000 என்றால் ஏறத்தாழ 350 கிராமும் அதற்கு மேலும் இருக்கும். தட்டையான பேட்டரி உள்ளதற்கும் இதே கணக்குதான். எவ்வளவு சின்னது, எவ்வளவு லேசானது என்று வியாபாரி பெருமை பேசினால், அதையே அவருக்கு எதிரான சாட்சியாக எடுத்துக் கொள்ளுங்கள்.

ஆனால் எடை மட்டும் போதாது. பெரியவர் அந்தப் பவர் பேங்கைக் கவனமாகப் பிரித்துக் காட்டினார். (இதை வீட்டில் யாரும் செய்யக்கூடாது. உள்ளே கத்தி பட்டால் தீப்பற்றும்.) உள்ளே இருந்தவை 2 செல்கள். பக்கத்தில் சிறிய பிளாஸ்டிக் பொட்டலம் ஒன்று. அதில் இருந்தது மணல்! செல்களைச் சோதித்துப் பார்த்ததில் இரண்டும் சேர்ந்து 2,400 எம்.ஏ.எச். தான் தாங்கின.

லேசாக இருந்தால் பொய் என்பது நிச்சயம். கனமாக இருந்தால் மெய் என்று நிச்சயம் இல்லை. மணலுக்கும் எடை உண்டு.

மலிவானதுதான் விலை அதிகம்

"ஏழைக்கு ஏற்ற விலையில் வாங்கினேன்" என்று வாலிபர் சொன்னார். பெரியவர் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார்.

450 ரூபாய்க்கு 2,400 கிடைத்தது. அப்படியானால் ஆயிரம் எம்.ஏ.எச்.சுக்கு ஏறத்தாழ 187 ரூபாய் ஆகிறது. உண்மையான 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்கை 1,000 ரூபாய் கொடுத்து வாங்கினால், ஆயிரம் எம்.ஏ.எச்.சுக்கு 100 ரூபாய்தான். மலிவு என்று வாங்கியது ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை! அது சில நாளில் உப்பிப் போனது. நல்லது ஒன்று ஒழுங்காக வைத்துக் கொண்டால் 2, 3 ஆண்டுகள் உழைக்கும்.

கையில் பணம் குறைவாக இருந்தால், பெரிய எண் போட்ட போலியை வாங்குவதைவிட 5,000 எம்.ஏ.எச். உள்ள சிறிய, உண்மையான பொருளை வாங்குவது நல்லது. ஒரு இரவுக்கு அது போதும்.

முத்திரையைப் பாருங்கள்

மின்னணுப் பொருள்களுக்குக் கட்டாயப் பதிவு முறையை மத்திய அரசு 2012-ம் ஆண்டு ஆணை மூலம் கொண்டு வந்தது. பவர் பேங்க், அதில் உள்ள பேட்டரி, சார்ஜர் ஆகியவை இந்த முறையில் அடங்கும். பி.ஐ.எஸ். எனப்படும் இந்திய தர நிர்ணய அமைவனத்தில் பதிவு செய்யாமல் இவற்றை இந்தியாவில் விற்கக்கூடாது.

பதிவு செய்த பொருளின் மேல் பி.ஐ.எஸ். முத்திரையும், ஐ.எஸ். என்று தொடங்கும் தர எண்ணும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்துடன் ஒரு சிறு கோடும் அதன் பின் 8 இலக்கங்களும் இருக்கும். இந்த 'ஆர்' எண்தான் முக்கியம்.

எண்ணை யாரும் அச்சடித்து விடலாமே என்று கேட்கலாம். உண்மைதான். அதற்காகவே 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலி இருக்கிறது. செல்போனில் அதை இலவசமாக ஏற்றிக் கொள்ளலாம். 'ஆர்' எண்ணைக் கொடுத்தால், அது எந்தத் தொழிற்சாலைக்கு, எந்தப் பொருளுக்கு, எந்தப் பிராண்டுக்குக் கொடுத்த எண் என்று காட்டும். பவர் பேங்க் மேல் உள்ள எண்ணைத் தட்டினால் வேறு கம்பெனியின் வேறு பொருள் வருகிறதா? பேசாமல் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

பெட்டியின் மேல் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, தயாரான நாடு, மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் செய்ய வேண்டிய போன் எண் ஆகியவையும் இருக்க வேண்டும். முகவரி இல்லாத பொருளுக்கு நாளைக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது.

சார்ஜரிலும் கவனம் தேவை

சுவர் பிளக்கில் மாட்டும் சார்ஜரிலும் ஏமாற்று உண்டு. வீட்டில் வருவது 230 வோல்ட். அதை 5 வோல்ட்டாகக் குறைத்து, உயர்ந்த மின்சாரம் செல்போன் பக்கம் வராமல் பிரித்து வைப்பதுதான் சார்ஜரின் வேலை. மட்டமான சார்ஜரில் இந்த இரண்டு பக்கத்துக்கும் இடையே போதிய இடைவெளி விட மாட்டார்கள். உள்ளே ஒரு கோளாறு ஏற்பட்டால் 230 வோல்ட் செல்போன் வழியாகக் கைக்கு வந்து விடும்.

சார்ஜரின் மேல் உள்ள எழுத்துகளில் 3 விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, 'இன்புட்'. 100-240 வோல்ட் என்று இருக்க வேண்டும். ரெயில் பெட்டிகள் பலவற்றில் பிளக்கில் வருவது 110 வோல்ட்தான். 220-240 என்று மட்டும் போட்டிருக்கும் சார்ஜர் வீட்டில் வேலை செய்யும். ரெயிலில் மக்கர் செய்யலாம்.

இரண்டாவது, 'அவுட்புட்'. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வரும். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட். 9 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 18 வாட். முகப்பில் 65 வாட் என்று போட்டு, பின்னால் பெருக்கினால் 10 வாட் வந்தால் அது பொய்ச் சரக்கு.

மூன்றாவது, ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட அடையாளம். இரட்டைக் காப்பு உள்ள பொருள் என்பதற்கு அது அறிகுறி. இதுவும் அச்சுதான் என்பதால் 'ஆர்' எண்ணுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வாங்கிய பிறகு ஒரு சோதனை

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் வீட்டிலேயே சோதித்து விடலாம். பவர் பேங்கை முழுவதும் காலி செய்து விட்டு, 10 வாட் சார்ஜரில் மாட்டி நேரத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். உண்மையான 10,000 எம்.ஏ.எச். நிரம்புவதற்கு 4 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு மணி நேரத்திலேயே நிரம்பி விட்டது என்று விளக்கு காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். சின்னக் குடம்தான் சீக்கிரம் நிரம்பும்!

விமானத்தில் போகிறவர்களுக்கு

விமானத்தில் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைத்துக் கொள்ள வேண்டும். சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் வைக்கக்கூடாது. 100 வாட்-மணி வரை தடை இல்லை. 100-க்கு மேல் 160 வரை விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் கூடாது.

20,000 எம்.ஏ.எச். என்பது 74 வாட்-மணி. ஆகவே பயம் இல்லை. ஆனால் 50,000 என்று அச்சிட்டு இருந்தால் கணக்குப்படி 185 வாட்-மணி. உள்ளே மணல்தான் இருக்கிறது என்று சொன்னாலும் சோதனை அதிகாரி அச்சைத்தான் பார்ப்பார்!

இந்த விதிகள் வீண் கெடுபிடி அல்ல. 2025-ம் ஆண்டு ஜனவரி மாதம் தென்கொரியாவின் பூசன் நகர விமான நிலையத்தில் புறப்படத் தயாராக இருந்த விமானம் தீப்பிடித்து எரிந்தது. அதில் இருந்த 176 பேரும் வெளியேறி உயிர் தப்பினார்கள். தலைக்கு மேல் உள்ள அறையில் வைத்திருந்த ஒரு பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் தெரிய வந்தது.

பெயர் பெற்ற கம்பெனிகளும் தவறுக்கு அப்பாற்பட்டவை அல்ல. 2025 ஜூன் மாதத்தில் ஒரு பெரிய கம்பெனி அமெரிக்காவில் மட்டும் 11 லட்சத்துக்கு மேற்பட்ட பவர் பேங்குகளைத் தீ அபாயம் காரணமாகத் திரும்பப் பெற்றது. ஆனால் அங்கே திரும்பப் பெற ஒரு கம்பெனி இருந்தது. நடைபாதைச் சரக்குக்கு அது கிடையாது.

உப்பினால், புகைந்தால்...

பவர் பேங்கைத் தலையணைக்குக் கீழும் போர்வைக்குள்ளும் வைக்காதீர்கள். சூடு வெளியேற வழி வேண்டும். சார்ஜ் ஏறும்போது தூங்கி விடாதீர்கள். கீழே விழுந்து நசுங்கியதையும், மழையில் நனைந்ததையும் மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

உப்பியதைக் குத்தவோ அமுக்கவோ கூடாது. குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது; குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பற்றும். மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு என்று 2022-ம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன.

ரெயிலில் புகை வந்தால் கையால் எடுக்காதீர்கள். துணி போட்டு மூடாதீர்கள். பக்கத்தில் உள்ள பைகளை அகற்றி, ஆட்களை விலகச் சொல்லுங்கள். பிளக்கில் மாட்டி இல்லை என்றால் நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கலாம். அந்தப் புகையைச் சுவாசிப்பது ஆபத்து. உடனே டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லுங்கள். 139 என்ற ரெயில்வே எண்ணுக்கும் போன் செய்யலாம்.

பில் இருந்தால் வழி உண்டு

போலிப் பொருள் வாங்கி ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பது இல்லை. நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தில் உள்ள நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். ஊரில் வாங்கிய பொருளுக்கு மும்பையில் இருந்தபடியே நியாயம் கேட்கலாம் என்பது வெளிமாநிலத் தமிழர்களுக்குப் பெரிய வசதி. ஆனால் கையில் பில் இல்லாமல் அதை நிரூபிப்பது கஷ்டம்.

ஆகவே கடையில் நிற்கும்போது 4 விஷயங்களை மறக்காதீர்கள்: கையில் தூக்கி எடை பாருங்கள். பின்பக்கத்தில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். 'ஆர்' எண்ணைத் தட்டிப் பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள். இதற்கு 5 நிமிடம்கூட ஆகாது.

அந்த வாலிபர் இப்போது 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்று வைத்திருக்கிறார். பெரியவர் கடையில் தராசில் நிறுத்துப் பார்த்து, பில்லோடு வாங்கியது. தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது இரவு 11 மணிக்கு மேல் அதைப் பைக்குள் வைக்காமல், கண் பார்வையில் வைத்துப் போனை மாட்டினார். போன் நிறைந்ததும் வயரைக் கழற்றி விட்டுத் தாயாருக்குப் பேசினார்.

"எங்கப்பா வந்துக்கிட்டு இருக்க?" என்று தாயார் கேட்டார்.

"சோலாப்பூர்கூட இன்னும் வரலம்மா. நீ தூங்கு. காலையில பேசுறேன்" என்றார் அவர்.

காலையில் பேசினார்.